அத்தானின் குரலுக்கு ஒரு சார்ஜர்

அம்பலவாணன் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். என் அக்கா பார்வதியைக் கட்டியவர். அரசு பஸ்ஸில் கண்டக்டர். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஓடி ஓடியே பாதி வயதைக் கழித்தவர். அவர் வண்டி பத்தமடையில் நிற்கும்போதே சேரன்மகாதேவியில் காத்திருப்பவன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொள்வான் என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். "உள்ள போங்கய்யா, நடுவுல தேரு இழுக்கலாம் போலக் கெடக்கு, வாசல்ல என்ன மொய்க்கிய?" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் நிற்பவர்களோடு உட்கார்ந்திருப்பவர்களும் நகர்ந்து உட்காருவார்கள்.

அந்தச் சத்தம் ஒருநாள் கரகரத்தது. புழுதி என்றார், பனி என்றார், அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு டிக்கெட் கிழித்தார். அக்கா அழுது அடம்பிடித்த பிறகுதான் திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். தொண்டையில் கட்டி. குரல்வளையை முழுசாக எடுத்தால் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள், பிழைத்தார். கழுத்தின் அடியில் மூச்சு விட ஒரு துவாரம், அதை மறைக்க ஒரு மெல்லிய மல் துணி. டிப்போவில் உட்கார்ந்து டிக்கெட் கட்டுகளைப் பிரிக்கும் வேலையாக மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார், இல்லையென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். ஊருக்கே கேட்கப் பேசிய மனுசன் சிலேட்டைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கொஞ்ச காலம் அந்த வீட்டுக்கே போகவில்லை.

ரெண்டு வருசம் இப்படிப் போனது. அதற்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. அவரோடு ஒரே வண்டியில் டிரைவராக இருந்த பாக்கியசீலனுடைய மகன் கப்பலில் இன்ஜினியர். ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன், குரல்வளை இல்லாதவர்கள் பேசுவதற்கென்றே விற்கிற ஒரு கருவியை வாங்கி வந்து கொடுத்தான். டார்ச் லைட்டைவிடச் சின்னது. அதன் முனையைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானைப் பிடித்தால் உள்ளே ஒரு தகடு அதிர்ந்து சத்தம் எழும். அந்தச் சத்தத்தை நாக்கும் உதடும் வார்த்தையாக்க வேண்டும். முதலில் வெறும் வண்டுச் சத்தம்தான் வந்தது. அத்தான் விடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று மாசக்கணக்கில் பழகினார். கடைசியில் ஒரு காலையில் தெளிவாக வந்த முதல் வார்த்தை, "பார்வதி, காப்பி."

"இத்தன நாள் கழிச்சு வாயத் தொறந்து காப்பியா கேக்கிய?" என்று அக்கா ஏசினாள். ஏசிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள்.

ஏற்ற இறக்கம் இல்லாத குரல் அது. கோபமும் கொஞ்சலும் ஒரே சுருதியில்தான் வரும். ஆனாலும் பேச்சு. அத்தான் அந்தக் கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் தலை நிமிர்ந்து நடந்தார்.

இப்போது சொல்ல வந்தது, தொண்ணூற்றொன்பதாம் வருசத்து ஆவணியில் நடந்தது. அத்தானின் ஒரே மகள் உலகம்மைக்குக் கல்லிடைக்குறிச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் செந்தில்முருகன், கூடங்குளம் பக்கம் கட்டட வேலைக் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல இடம். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

எங்கள் பக்கம் நிச்சயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றுவதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர் எழுந்து நின்று, சபை கேட்க, "எங்க பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்கோம்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். எழுதிக் காட்டினால் செல்லாது, தலையை ஆட்டினால் செல்லாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத்தான் பெரியப்பாவோ சித்தப்பாவோ சொல்வார்கள்.

அத்தானுக்கு ஒரு அண்ணன் உண்டு, திருஞானசம்பந்தம். எனக்கும் அவர் பெரியத்தான் முறை. நல்ல மனுசன்தான், ஆனால் சபையில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதே அவருக்கு மூச்சு. பெண் பார்க்க வந்த அன்றே தம்பியிடம், "அந்த மிஷின வெளிய எடுத்துராதடே, அந்தச் சத்தத்தக் கேட்டா வந்தவங்க பயந்து போவாங்க" என்று சொல்லிவிட்டார். அத்தான் அன்றைக்குக் கும்பிட்டதோடு சரி. இப்போது நிச்சயத்துக்கும் பெரியத்தான் தயாராகிவிட்டார். "நான் சொல்லிருதேன். பெரியப்பன் சொன்னா என்ன, அப்பன் சொன்னா என்ன?"

அத்தான் கருவியைக் கழுத்தில் வைத்தார். "நான் உசுரோட இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு பெரியத்தான் வாயை மூடிக்கொண்டார், மனதை மூடவில்லை.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் பாளையங்கோட்டையில் என் போட்டோ ஸ்டூடியோவை அப்போதுதான் திறந்திருந்தேன். அக்கா பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, அத்தானுக்குப் பேச்சு போயிருச்சுடே."

நோய்தான் திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரித்த பிறகுதான் போனது அத்தானின் பேச்சு இல்லை, கருவியின் பேட்டரி என்று தெரிந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அத மொதல்ல சொல்லக் கூடாதா? ஒரு நிமிசத்துல கொன்னுட்டியே என்ன" என்று கத்தினேன். அக்கா பதிலுக்கு என்னைப் பார்த்த பார்வையில், இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

நடந்தது இது. அந்தக் கருவியோடு வந்த சார்ஜர் ஜப்பான் நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது. அங்கே நூறு வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. அதனால் நடுவில் வோல்டைக் குறைக்கிற பெட்டி ஒன்றை வைத்துத்தான் சொருகுவார்கள். நிச்சயத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சாமான்களை இடம் மாற்றியிருக்கிறார்கள். பெட்டி ஒரு பக்கம், சார்ஜர் ஒரு பக்கம். அவசரத்தில் அத்தான் பெட்டி இல்லாமலே சுவரில் சொருகிவிட்டார். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, சார்ஜர் முடிந்தது. நல்லவேளை, பேட்டரி அதில் இல்லை.

வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மிச்சமிருந்ததை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தார். ஆனால் கல்யாண வீட்டில் பேசாமல் இருக்க முடியுமா? பந்தல்காரனிடம் ஒரு பேச்சு, சமையல்காரரிடம் ஒரு பேச்சு. போதாக்குறைக்குப் பழைய டார்ச் லைட்டுக் கணக்கில், அடியோடு காலியாக்கி ஏற்றினால்தான் பேட்டரி நிற்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அக்கா என்னைத் தேடி வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் பேச்சின் நடுவிலேயே சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது.

"இப்ப எங்க அந்த பேட்டரி?"

அக்கா தயங்கினாள். "தட்டட்டியில வெயில்ல வச்சிருக்காக."

நான் ஸ்டூடியோ கதவை இழுத்துப் பூட்டினேன்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் டிரான்சிஸ்டர் பேட்டரிக் கட்டை தீர்ந்தால் வெயிலில் வைப்பது எல்லோரும் செய்கிறதுதான். மத்தியானம் வரை காய்ந்தால் சாயங்காலம் செய்தி கேட்கிற அளவுக்கு உயிர் வரும். ஆனால் இது அந்தச் சாதி இல்லை. என்னுடைய ஹேண்டிகேம் கேமராவுக்கு லித்தியம் பேட்டரிதான், அதனால் அதன் குணம் எனக்குக் கொஞ்சம் தெரியும். சூடு அதற்கு ஆகவே ஆகாது. உப்பும், வெடிக்கும், தீப்பிடிக்கவும் செய்யும்.

டவுணில் அவர்கள் வீட்டுக்குப் போய் மொட்டை மாடிக்கு ஏறினால், சுளகில் மோர்மிளகாய் காய்கிறது, அதன் நடுவில் பேட்டரியும் காய்கிறது. பக்கத்தில் அத்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காக்காய் விரட்டுகிறார்.

"அத்தான், இது என்ன வத்தலா? பொரிச்சுத் திங்கப் போறியளா?" என்றேன். அத்தான் எழுந்து நின்றார். உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னார். சத்தம் இல்லை. அந்த உதட்டைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பேட்டரி தொட்டால் சுட்டது. நிழலில் தரையில் வைத்தேன். அக்கா ஈரத்துணியால் சுற்றட்டுமா என்றாள். பெரியத்தான் கீழே இருந்து, பிரிட்ஜில் வைக்கலாமே என்றார். ஒன்றும் வேண்டாம், யாரும் தொடாதீர்கள், தானாக ஆறட்டும் என்று ஒரு அதட்டல் போட்டேன். ஆறிய பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். உப்பவில்லை, ஒழுகவில்லை. பாதி உயிர் வந்தது. ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்த வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. வந்த உயிர் போய்விட்டது.

"உன் கேமரா சார்ஜர்ல போட முடியாதாடே?" என்று அக்கா கேட்டாள்.

"அது ரெட்டை பேட்டரிக்கு உள்ளது, அக்கா. இது ஒத்தை. அதுல போட்டா ரெண்டு மடங்கு வோல்ட்ட உள்ள தள்ளிரும். நாளைக்கு நிச்சயம் நடக்காது, தீயணைப்பு வண்டிதான் வரும்."

லித்தியம் ஒற்றை பேட்டரிக்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். திருநெல்வேலியில் அப்போது அப்படி ஒன்று இருந்தால் அது மேலப்பாளையத்தில்தான் இருக்கும். அங்கே தாஜ் முகம்மது என்றொருவர் கடை வைத்திருந்தார். தம்பிமார் துபாயில். வெளிநாட்டு டேப் ரெக்கார்டர், கேமரா, ரேசர் என்று எது வேண்டுமென்றாலும் அவரிடம் கேட்கலாம். பேட்டரியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் அத்தானும் பஸ் ஏறினோம். சக கண்டக்டர் யாரோ சலாம் வைத்து நலம் விசாரித்தபோது அத்தான் சும்மா சிரித்து வைத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் தாஜ் பாய் அத்தானைப் பார்த்து உரக்கக் கத்தினார். "கவலப்படாதிய அண்ணாச்சி, கெடைக்கும்."

அத்தான் காதைத் தொட்டு, இது நன்றாகக் கேட்கும் என்று கையால் காட்டினார். பாய்க்கு வெட்கமாகிவிட்டது. அப்புறம் முகத்தை உற்றுப் பார்த்தார். "பாபநாசம் வண்டியில போன கண்டக்டர்தானே நீங்க? அம்பாசமுத்திரத்துல எங்க மாமியா வீடு. நீங்க எறங்கச் சொல்லிப் போட்ட சத்தத்துல ஒருநாள் நான் செருப்ப வண்டியிலேயே விட்டுட்டு எறங்கிட்டேன்." அத்தானின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாவிட்டாலும் சிரிப்பு சிரிப்புதான்.

பாய் மேசைமேல் சார்ஜர்களை எடுத்துப் பரப்பினார். பாதிக்கு மேல் நிக்கல் பேட்டரிக்கு உள்ளவை. அவற்றை அப்போதே ஒதுக்கினேன். நிக்கல் சார்ஜருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்கிற கணக்கு வேறு. அது லித்தியத்தை நிரம்பிய பிறகும் விடாமல் திணிக்கும்.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று பளபளவென்று பெரிசாக இருந்தது. பாய் அதைத்தான் கையில் தூக்கினார்.

"இதக் கொண்டு போங்க. ஒரு மணி நேரத்துல ஏத்திரும். நாளைக்கு நிச்சயம்னு சொல்லுதிய, அவசரத்துக்கு இதான் தோது."

எனக்கும் சபலம் தட்டியது. நேரம்தானே எங்களுக்கு இல்லாதது. ஆனால் அதன் முதுகைத் திருப்பிப் படித்தேன். நாலு புள்ளி இரண்டு வோல்ட் வரை ஏற்றும் என்று போட்டிருந்தது. கைக்குட்டையைப் பிரித்துப் பேட்டரியின் முதுகைப் படித்தேன். நாலு புள்ளி ஒன்றுக்கு மேல் ஏற்றாதே என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் லித்தியத்தில் இரண்டு தினுசும் வந்துகொண்டிருந்தது.

"புள்ளி ஒண்ணுதானே கூட, அதுல என்ன வந்துரப் போகுது?" என்றார் பாய்.

"கொறஞ்சா பரவாயில்ல பாய். கொஞ்சம் கம்மியாப் பேசுவாரு, அவ்வளவுதான். கூடினா பேட்டரி கெடும், கழுத்துல வைக்கிற சாமான் வேற. அதோட இது தள்ளுற வேகம் இந்தச் சின்ன பேட்டரிக்குத் தாங்காது."

இரண்டாவது சார்ஜர் பார்க்க ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் அதில் ஒரு சின்ன விசை இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் நாலு புள்ளி ஒன்று, மறுபக்கம் நாலு புள்ளி இரண்டு. வேகமும் கம்மி, இந்தச் சின்ன பேட்டரி தாங்குகிற அளவுக்குத்தான் ஏற்றும். பேட்டரியைத் தொடும் முனைகளை நகர்த்தி எந்த அளவுக்கும் பொருத்தலாம். நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் சொருகலாம், பெட்டி தேவையில்லை. இந்தக் கடைசி வரியை அத்தான் தானே விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். எல்லாவற்றுக்கும் மேல், கூட இருந்த துண்டுத்தாளில் ஒரு விஷயம் போட்டிருந்தது. பேட்டரி அடியோடு வற்றியிருந்தால் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஏற்றாது. முதலில் துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கும். பேட்டரி அதை வாங்கிக்கொண்டால்தான் வேகம் பிடிக்கும். அதுவரை சிவப்பு விளக்கு மெதுவாக மினுங்கும். பேட்டரி செத்தே போயிருந்தால் விளக்கு வேகமாக மினுங்கி நின்றுவிடும்.

"இதான் வேணும்" என்றேன்.

"அப்ப இதையே கொண்டு போங்க. நான் துஆ செய்யுதேன்" என்றார் பாய், அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் மெத்தை, துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்தேன். முன்கூடமான பட்டாசாலையின் மூலையில் வெறும் தரையில் சார்ஜரை வைத்தேன். விசையை நாலு புள்ளி ஒன்று பக்கம் தள்ளினேன். கூட்டல் முனை எது, கழித்தல் முனை எது என்று பார்த்துப் பொருத்தினேன். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மெதுவாகத்தான் மினுங்கியது. மெதுவாகத்தான் மினுங்குகிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டில் ஆளாளுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. யாரும் நகரவில்லை. உலகம்மை மருதாணிக் கையோடு வந்து தூணில் சாய்ந்து நின்றாள். அத்தான் சார்ஜருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரைகுறையாக ஏதாவது ஏறியிருக்குமா என்று பேட்டரியை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினார். நான் கையைத் தட்டிவிட்டேன். வயதில் மூத்தவர், அக்காவைக் கட்டியவர் என்றெல்லாம் அப்போது பார்க்கவில்லை.

பெரியத்தான் வந்து குனிந்து பார்த்தார். "என்னலே இது, கண்ணச் சிமிட்டிக்கிட்டே கெடக்கு? ஒண்ணும் நடக்கும்னு எனக்குத் தோணல. ஏன் வீணா அலையிய? நாளைக்கு நான் சொல்லிருதேன், முடிஞ்சு போச்சு."

அத்தான் திரும்பவே இல்லை. அவர் கண் விளக்கின் மேலேயே இருந்தது. நான்தான் சொன்னேன். "பெரியத்தான், செத்த நேரம் சும்மா இருங்க. அது பைய ஏறுது."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, விளக்கும் அணைந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரை ஏசுவது என்று தெரியாமல் வாசலில் கோலப்பொடி விற்று வந்தவரைப் போகச் சொல்லி ஏசினேன். இந்த இடைவெளியில் பேட்டரிக்கு வந்த கொஞ்ச உயிரும் போய்விடுமோ என்று பயம். அக்கா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

மின்சாரம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அணையுமென்று பார்த்தேன். அணையவில்லை. மறுபடியும் பார்த்தேன். மினுங்காமல், அசையாமல் நின்று எரிந்தது. பேட்டரி வாங்கிக்கொண்டுவிட்டது. இனி அது தானாக ஏறும்.

"அத்தான், பொழச்சுக்கிட்டு" என்றேன். என் குரல்தான் அப்போது சரியாக வரவில்லை.

அதற்குப் பிறகு வீடு கலகலத்துப் போனது. அக்கா எல்லோருக்கும் காப்பி போட்டாள். கொஞ்ச நேரம் ஏறவிட்டு நானே பேட்டரியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. அத்தான் பதறி, முழுசாக ஏறட்டும் என்று கையைக் காட்டினார். "லித்தியத்த பாதியில எடுத்தா தப்பில்ல, மறுபடி போட்டுக்கிடலாம். அடியோட வத்த விடத்தான் கூடாது" என்று சொல்லிக் கருவியில் போட்டுக் கொடுத்தேன்.

அத்தான் முனையைக் கழுத்தில் வைத்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். மகளைக் கூப்பிடுவார், இல்லை அக்காவைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் பெரியத்தான் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நாளைக்கு நான் சொல்லுதேன்."

பெரியத்தான் மனதில் என்ன ஓடியதோ, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிடே, நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்" என்றார். பேட்டரியை மறுபடி சார்ஜரில் போட்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, முழுசாக ஏறியதற்கான பச்சை விளக்கு வந்துவிட்டது. எடுத்து அக்கா கையில் கொடுத்து, நாளை சபையில் உட்காரும் வரை அத்தானிடம் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் நான் வீடு போனேன். பல மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வேன் நிறைய வந்தார்கள். பட்டாசாலையில் ஜமுக்காளம் விரித்து எதிரெதிராக உட்கார்ந்தோம். பேச்சு வார்த்தையெல்லாம் முடிந்து தட்டு மாற்றும் நேரம் வந்தது. "பொண்ணு வீட்டுல யாரு சொல்லுதிய?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, அவர் கண் பெரியத்தான் மேல் போனது.

பெரியத்தான் தம்பியின் முழங்கையைத் தொட்டார். அத்தான் எழுந்தார். ஒரு கையில் வெற்றிலைத் தட்டு, மறு கையில் கருவி. கழுத்துத் துணிக்கு மேலே முனையை அழுத்தினார்.

"எங்க பொண்ணு உலகம்மைய உங்க வீட்டுக்குக் குடுக்கோம்."

எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தது. யாரோ வாயைப் பொத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைப் பிடித்தபடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அத்தான் நிதானமாக இரண்டாவது தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது சபையில் வேறு சத்தமே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது. அவ்வளவுதான், முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நான் மூச்சு விட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து தட்டுக்குக் கை நீட்டினார். அத்தான் தட்டை விடவில்லை.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வழக்கத்தில் இப்படி ஒன்று கிடையாது.

"இவள நான் ஏசி ஏசித்தான் வளத்தேன். ஏசலன்னா புள்ள கெட்டுப் போகும்னு நெனச்சேன். அப்பொறம் ரெண்டு வருசம் என்னால ஏச முடியல. அப்பத்தான் தெரிஞ்சது. ஒரு வார்த்த ஏசாமலே இவ எல்லாத்தையும் செஞ்சா. எனக்கும் செஞ்சா." அத்தான் முனையை எடுத்துவிட்டு ஒரு மூச்சு விட்டார். மறுபடி வைத்தார். "நீங்களும் இவள ஏசாதிய."

ஒரே சுருதியில் வந்த குரல்தான். அதில் அழுகை கேட்காது, கெஞ்சல் கேட்காது. ஆனால் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கழுத்துத் துணியை நனைத்துக்கொண்டிருந்தது. உள்ளறையில் உலகம்மை விசும்புகிற சத்தம் வெளியே கேட்டது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து புருசன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏச மாட்டோம், அண்ணாச்சி" என்றாள்.

அத்தான் பொத்தானை அழுத்தினார். "மூணு தடவ சொல்லுங்க" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. சபை கேட்க மூன்று தடவை சொன்னாள். அதற்குப் பிறகுதான் அத்தான் தட்டைக் கொடுத்தார்.